குண்டு எங்கே நிற்கும்?

குளச்சல் வெற்றித்தூணைப் பார்த்தா 1741 ஞாபகம் வரும். சரணடைந்த டச்சு அதிகாரி டிலனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தார். அந்தக்காலத் துப்பாக்கியில் நூறு மீட்டருக்கு அப்பால் குறி வைப்பதே கஷ்டம். இன்றைய ரைஃபிள் குண்டு மூன்று கிலோமீட்டரையும் தாண்டும். குறி தவறினாலும் நிற்காது. அதனால்தான் பயிற்சித்தளத்தில் இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு வேண்டும், அதற்கும் அப்பால் ஆளில்லாத வெளி வேண்டும்.

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை நார்த்தாமலை அருகே மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் துப்பாக்கிப் பயிற்சி. அந்த நேரத்தில், தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3இல் இறந்துபோனான்.

போரில் ஜெயிச்சதுக்குத் தூண் வைக்கிறோம். பயிற்சியில் செத்தவனுக்கு? தூண் வேண்டாம். அடுத்த ஊரிலாவது அந்த வெளியை அளந்துவிட்டுச் சுடட்டும்.