யாதவகிரி வீடும் பாட்டி சொன்ன கதையும்

பிழைப்பின் பொருட்டு ஒரு குடும்பம் பிறந்த ஊரை விட்டுப் புறப்படும்போது பெட்டிகளும் பாத்திரங்களும் வண்டியில் ஏறுகின்றன. குடும்பத்தின் கதையோ பாட்டிமாரின் நாவில் வருகிறது. பாத்திரம் உடைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பாட்டி மறைந்தால் அவளோடு மறைந்த கதையை எந்தக் கடைத்தெருவிலும் வாங்க இயலாது. தொழிற்சாலைகளையும் அலுவலகங்களையும் நம்பி ஹெப்பாளில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் இதனை ஆண்டு விழா நாளில் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.

நூலகத்தில் இலக்கியம் ஓர் அடுக்கிலும், திரைப்பட வரலாறு வேறோர் அடுக்கிலும், குடும்ப வரலாறும் பெண்கள் வாழ்வு பற்றிய ஆராய்ச்சியும் இன்னும் வேறு அடுக்குகளிலும் வைக்கப்பெற்றுள்ளன. அடுக்குகள் பிரிந்திருப்பதால் அவை ஒன்றோடொன்று உறவில்லாதவை என்று நாம் கருதிவிடுகிறோம். உண்மை அதுவன்று. நான்கும் ஒரே வீட்டுக் கூடத்தில் பிறந்து வளரக்கூடும் என்பதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இதே மைசூர் நகரின் யாதவகிரியில் நிற்கும் ஒரு வெண்ணிற வீடே போதும். அது எழுத்தாளர் ஆர். கே. நாராயணின் வீடு.

நாராயண் 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சென்னையில் பிறந்த தமிழர். தந்தையார் மைசூர் அரசில் பள்ளித் தலைமையாசிரியர். எனவே பெற்றோர் இங்கிருக்க, பிள்ளை சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டி அம்மணியின் அரவணைப்பில் வளர்ந்தார். பின்னர் மைசூருக்கு வந்து மகாராஜா கல்லூரியில் பயின்று 1930-இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே பாட்டி நல்ல நாள் பார்த்துக் கொடுக்க, ஒரு குறிப்பேடு வாங்கி முதல் நாவலின் முதல் வரியை எழுதினார் என்பது அவர் தம் தன்வரலாற்றில் தாமே தந்துள்ள செய்தி. மால்குடி என்னும் கற்பனை ஊர் அன்று பிறந்தது. எழுதியது ஆங்கிலமேயாயினும், அவ்வூரின் திண்ணையும் அடுக்களையும் பேச்சும் நம்முடையவை. பிழைப்புக்காக மைசூர் வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று உலகுக்கு அளித்த கொடை அது.

இனி இலக்கியத்தைப் பார்ப்போம். 1938-இல் அவருடைய மூன்றாம் நாவல், இருட்டறை எனப் பொருள்படும் 'தி டார்க் ரூம்' வெளிவந்தது. அதன் தலைவி சாவித்திரி. கணவன் ரமணி காப்பீட்டு நிறுவன அதிகாரி. அங்குப் பணியில் சேர்ந்த வேறொரு பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். சாவித்திரி வீட்டை விட்டு வெளியேறுகிறாள், ஆற்றில் இறங்குகிறாள், காப்பாற்றப்படுகிறாள், ஒரு கோயிலில் வேலை செய்து தன் கையால் தன் சோற்றைத் தேட முயல்கிறாள். இறுதியில் பிள்ளைகளின் நினைவு தாங்காமல் அதே வீட்டுக்குத் திரும்பி விடுகிறாள். ஏன் திரும்பினாள் என்று கேட்போர் உளர். தனக்கென ஒரு தொழிலும் சொத்தும் படிப்பும் இல்லாதவள் வேறெங்கே செல்வாள் என்பதே அந்நாவல் நம்மிடம் திருப்பிக் கேட்கும் கேள்வி. பெண்ணியல் ஆய்வு என்னும் துறை நம் கல்லூரிகளில் நுழைவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ஒரு கதையாசிரியர் அக்கேள்வியை எழுப்பியிருக்கிறார்.

அடுத்தது திரைப்படம். 1947-இல் ஜெமினி நிறுவனம் எடுத்த 'மிஸ் மாலினி' என்னும் தமிழ்ப் படத்துக்குக் கதை நாராயண் எழுதியது. இயக்கியவர் கொத்தமங்கலம் சுப்பு. நாடக மேடையில் தொடங்கிப் புகழின் உச்சியேறி, வஞ்சகப் பேச்சுக்காரன் ஒருவனை நம்பிச் சரியும் நடிகையின் கதை அது. அவ்வஞ்சகனின் பெயரைத் தாங்கி 1949-இல் 'மிஸ்டர் சம்பத்' நாவல் வந்தது. 1952-இல் வாசன் அதனை இந்தியில் படமாக்கினார். 1972-இல் சோ தமிழில் படமாக்கினார். 1958-இல் வெளிவந்து 1960-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற 'தி கைடு' நாவலிலும் ஒரு நடன மங்கையே நடுவில் நிற்கிறாள். முதுகலைப் பட்டம் பெற்றும், ஆடலை வெறுக்கும் கணவனிடம் சிக்குண்டவள் அவள். 1965-இல் அது இந்திப் படமானபோது மால்குடியின் தெருக்கள் மறைந்து வடநாட்டு அரண்மனைகள் தோன்றின. ஆசிரியர் மனம் நொந்து அதைப்பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். நூலும் படமும் ஒரே கதையைச் சொல்லும்போதுகூட எது விடப்படுகிறது, எது சேர்க்கப்படுகிறது என்று பார்க்கப் பழகினால், திரைப்பட ஆராய்ச்சி என்பது என்ன என்று நமக்கு விளங்கிவிடும்.

மூன்றாவது குடும்ப வரலாறு. எண்பதாண்டு அகவையைக் கடந்தபின், 1992-இல், நாராயண் 'பாட்டியின் கதை' எனப் பொருள்படும் சிறு நூலொன்றை வெளியிட்டார். அவருடைய பாட்டி அம்மணி, தன் தாயைப்பற்றிச் சொன்ன செய்திகளே அதன் கரு. ஏழு வயதில் மணமுடிக்கப்பெற்ற சிறுமியை விட்டுவிட்டுச் சிறுவனாகிய கணவன் யாத்திரிகர் கூட்டத்தோடு புனாவுக்குப் போய்விடுகிறான். ஊராரின் ஏளனம் பொறாத அப்பெண் வளர்ந்தபின் தன்னந்தனியே புறப்பட்டு, மொழியறியாத நாட்டில் அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். அவனோ வேறு மணம் புரிந்து வாழ்கிறான். அவள் தளரவில்லை, தன் உறுதி ஒன்றையே துணையாகக் கொண்டு அவனை மீட்டு வருகிறாள். வியப்பு இனித்தான் உள்ளது. இத்துணைத் துணிவுடையவள், தமிழ்நாடு திரும்பியதும் கணவன் சொல்லுக்கு மறுசொல் பேசாத பணிவான மனைவியாகி விடுகிறாள். அத்துணிவு எங்கே போயிற்று? வரலாற்றாசிரியர் கல்வெட்டில் காண முடியாத இக்கேள்வியை ஒரு பாட்டியின் பேச்சு நமக்குத் தந்துவிட்டது.

ஆயினும் இங்கே நாம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சொன்னவள் பாட்டி, எழுதியவர் பேரன். சொன்னவளே எழுதியிருந்தால் எவ்வாறு இருந்திருக்கும்? அவ்வாறு எழுதிய பெண்களும் தமிழகத்தில் உண்டு. 1901-இல் பிறந்த வை. மு. கோதைநாயகி அம்மாள், தொடக்கத்தில் எழுதப் பழகாத நிலையில், தாம் சொல்லத் தோழி ஒருவர் எழுத, முதல் நூலைப் படைத்தார். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழைத் தாமே நடத்தி நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை வெளியிட்டார். அவற்றுள் சில திரைப்படங்களாயின. 1931-இல் வந்த 'காளிதாஸ்' என்னும் முதல் தமிழ்ப் பேசும் படத்தில் தலைவியாக நடித்த டி. பி. ராஜலட்சுமி, தாம் எழுதிய நாவலையே 1936-இல் 'மிஸ் கமலா' என்னும் படமாகத் தாமே இயக்கினார்.

அச்சுக்குப் போகாத எழுத்தும் உண்டு. 1897-இல் பிறந்த சுப்புலட்சுமி என்னும் பெண்மணி பதினொரு வயதில் மணமானவர்; பதினான்கில் தாயானவர். புகழ் பெற்றவர் அல்லர். ஆனால் படிப்பில் தீராத வேட்கையுடையவர். அவர் விட்டுச்சென்ற நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தாள்களையும் கொண்டு அவருடைய பேத்தியும் தொழிற்சங்கத் தலைவருமாகிய மைதிலி சிவராமன், 'ஒரு வாழ்வின் துணுக்குகள்' எனப் பொருள்படும் ஆங்கில நூலை 2006-இல் எழுதினார். வரலாற்றறிஞர் உமா சக்கரவர்த்தி அதனை அடிப்படையாகக் கொண்டு ஓர் ஆவணப்படம் எடுத்தார். இலக்கியம், படம், குடும்பம், பெண்வாழ்வு ஆகிய நான்கு அடுக்குகளும் ஒரு மூதாட்டியின் பழந்தாள்களிலிருந்து எழுந்து நின்றன.

இத்தகைய தாள்கள் அழியாதிருக்க நிறுவனங்களும் தோன்றியுள்ளன. அம்பை என்னும் புனைபெயரில் கதை எழுதும் சி. எஸ். லட்சுமி, தமிழ் இலக்கியத்தில் பெண்களைப்பற்றி 1984-இல் ஆய்வு நூல் வெளியிட்டவர். அவர் 1988-இல் மும்பையில் தம் தோழியருடன் நிறுவிய 'ஸ்பாரோ' என்னும் ஆவணக் காப்பகம், பெண்களின் வாய்மொழிகளையும் நிழற்படங்களையும் கடிதங்களையும் திரட்டிக் காத்து வருகிறது. தியடோர் பாஸ்கரன், 1981-இலும் 1996-இலும் வெளியிட்ட நூல்களில், அறிஞர் பலர் ஏறெடுத்தும் பாராத நாடகப் பாட்டையும் பழைய படங்களையும் கொண்டே தமிழ்த் திரையின் வரலாற்றை எழுதிக் காட்டினார். பிறர் குப்பையென ஒதுக்கியதே இவர்களுக்குச் சான்றாயிற்று.

யாதவகிரி வீட்டின் கதையும் நமக்கு ஒரு பாடம். 2001-இல் நாராயண் மறைந்தபின், 2011-இல் அவ்வீட்டை இடிக்கத் தொடங்கினர். மைசூர் மக்களும் பத்திரிகைகளும் எதிர்க்குரல் எழுப்பவே இடிப்பு நின்றது. வீடு செப்பனிடப்பெற்று 2016-இல் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. தமிழர் ஒருவரின் வீட்டைக் காக்கக் கன்னட நாட்டு மக்கள் முன்வந்தனர் என்பதை நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும். செங்கல் வீடு இடிபட்டால் கண்ணுக்குத் தெரிகிறது; தடுக்க ஆள் வருகிறார்கள். நம் வீட்டு மூதாட்டியின் நினைவு இடிவது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

ஆதலின் இக்குடியிருப்பில் உள்ள ஒவ்வொரு குடும்பத்தினரையும் ஒன்று வேண்டுகிறோம். எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து, யாருடைய வேலையின் பொருட்டு இங்கு வந்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். வேலைக்கு வந்தவரின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். அவருடன் வந்த மனைவி புதுமொழியை யாரிடம் கற்றாள், முதல் மாதம் கடைக்குப் போய் எவ்வாறு பேசினாள், எந்தப் படிப்பை அல்லது வேலையை விட்டுவிட்டு வந்தாள், முதன்முதலாக எந்தப் படத்தை எந்தக் கொட்டகையில் பார்த்தாள் என்று கேளுங்கள். அவள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். திருத்தி அழகுபடுத்த வேண்டா. பழைய நிழற்படங்களின் பின்புறம் இருப்போரின் பெயரையும் ஆண்டையும் குறியுங்கள். பேரன் பேத்தியரிடம் கைப்பேசி இருக்கிறது. பாட்டியின் குரலை அதில் பதிந்துகொள்ள அரைமணி நேரம் போதும்.

அடுத்த ஆண்டு மலருக்குள் வீட்டுக்கு ஒரு பக்கம் சேர்ந்தாலும் ஹெப்பாள் தமிழரின் வரலாற்றுக்கு அதுவே முதல் நூலாகும். எழுதத் தெரியாத பாட்டி இருக்கும் வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் இன்று மாலையே தொடங்கட்டும்.