அடிகுழாயும் நம் வாழ்வும்

மனித வாழ்வை உயர்த்திய கருவிகள் யாவை என வினவினால், மாணவர்கள் நீராவி எந்திரம், மின்விளக்கு, வானூர்தி என அடுக்குவர். அவை பெருமைக்குரியனவே. எனினும், நம் மக்களின் அன்றாட வாழ்வை நேரே தொட்டு மாற்றிய கருவி எது எனின், தெருமுனையில் நின்ற அடிகுழாயையே நான் முதலிற் கூறுவேன்.

நீர் இயற்கையின் கொடை. ஆயினும் அதனை முகக்கும் உரிமை நமக்கு எளிதிற் கிட்டவில்லை. 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச் சாலைகளும் கிணறுகளும் நம்மவர்க்கும் உரியன என்னும் தீர்மானத்தைக் கொணர்ந்து நிறைவேற்றுவித்தார். 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சௌதார் குளத்தில் நீரருந்தினார். அக்குளம் பற்றிய வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிவுற 1937 ஆயிற்று. சட்டம் உரிமை வழங்கிய பின்னரும், சிற்றூர்களில் நம் தாய்மார் ஊர்க் கிணற்றருகே வெறுங்குடத்துடன் பிறர் இரக்கத்திற்குக் காத்து நின்றனர். அன்றேல் குட்டையின் கலங்கல் நீரைச் சுமந்து வந்தனர்.

இந்நிலையை மாற்றத் துணைசெய்தது ஆழ்துளைக் கிணறு. தொடக்கத்தில் அதன்மேற் பொருத்தப்பட்ட வார்ப்பிரும்புக் குழாய்கள் ஒரு குடும்பத்தின் பயனுக்கென அமைந்தவை. ஊரே அடித்தபோது விரைவிற் பழுதுற்றன. சோலாப்பூரில் உருவான எஃகுக் குழாயை அடியொற்றி, யூனிசெப் நிறுவனமும் அரசும் சென்னைத் தொழிற்சாலை ஒன்றும் கூடி 1970களில் ‘இந்தியா மார்க் 2’ அடிகுழாயை உருவாக்கின. அதன் கைப்பிடியுடன் இணைந்த சங்கிலி உள்தண்டைச் சாயாது நேராகத் தூக்குவதால் தேய்மானம் குறைந்தது. காப்புரிமைத் தடையின்மையால் அது பல நாடுகளிலும் பரவிற்று. திறந்த படிக்கிணறுகளாற் பரவிய நரம்புச் சிலந்தி நோய் ஒழியவும் மூடிய கிணறுகள் துணைநின்றன. 2000ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் குடியிருப்பில் அடிகுழாய் நாட்டப்பட்டது. அதுவரை நீருக்கு நடந்த என் தமக்கை, அதன்பின் தவறாது பள்ளிக்குச் சென்றார்.

எனினும், கருவியைப் பெறுவது மட்டும் போதாது. அதனை ஆளவும் கற்றல் வேண்டும். 1990களில் உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில், எழுத்தறியாத தலித், பழங்குடிப் பெண்கள் அடிகுழாய்களைப் பழுதுபார்க்கக் கற்றனர்; அதன்பின் எழுத்தும் கற்க விழைந்து, ‘மகிளா டாக்கியா’ என்னும் இதழையே உருவாக்கினர்.

இளைஞர்களே! பிறர் வார்க்கக் கையேந்திய தலைமுறையின் வழித்தோன்றல்கள் நாம். இனி நீரை ஆராயும் அறிஞராகவும், குழாயை அமைக்கும் பொறியாளராகவும் விளங்குவதே அன்னையர்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.