சிரிப்பு வாயுவும் ஒரு ஞானப்பல்லும்

ஞானப்பல்லுக்குப் பெயரில்தான் ஞானம். 17 வயதுக்கு மேல், எல்லாப் பற்களும் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு, ரிசர்வேஷன் இல்லாத பயணி மாதிரி கடைவாயில் வந்து நிற்கும். சமைத்த, மெத்தென்ற சாப்பாட்டுக்குப் பழகிப்போனதில் மனிதத் தாடை சின்னதாகிவிட்டது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். இடமில்லாத பல் சாய்ந்தோ படுத்தோ முளைத்துப் பக்கத்துப் பல்லை இடிக்கும். ஈறுக்கடியில் சாப்பாடு சிக்கி, சீழ் பிடித்து, உயிர் போகிற வலி! 'எடுத்துடலாம்' என்பார் டாக்டர். ஓர் ஊசி. தாடை மரத்துவிடும். நீங்கள் பாட்டுக்கு வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கலாம்.

அந்த வசதி இல்லாத காலத்தில்? நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, குறடு போட்டுப் பிடுங்குவார்கள்!

1844 டிசம்பர் 10. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் கோல்டன் என்பவர் 'சிரிப்பு வாயு' ஷோ நடத்தினார். நைட்ரஸ் ஆக்ஸைடை முகர்ந்தவர்கள் மேடையில் ஆட்டம் போட, ஜனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். (இந்த வாயு வலியைப் போக்கும், அறுவை சிகிச்சைக்கு உதவலாம் என்று ஹம்ஃப்ரி டேவி 1800-லேயே எழுதிவிட்டார். யாருக்கும் உறைக்கவில்லை!) ஆட்டம் போட்ட ஓர் இளைஞனுக்குக் காலில் நல்ல அடி, ரத்தம். அவனுக்கோ வலியே தெரியவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த பல் டாக்டர் ஹோரஸ் வெல்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாளே பரிசோதனை. யாருடைய பல்? தன்னுடைய ஞானப்பல்தான்! எவ்வளவு முகர்ந்தால் உயிருக்கு ஆபத்து என்று அங்கே யாருக்கும் தெரியாது. கோல்டன் வாயுவைக் கொடுக்க, சக டாக்டர் ரிக்ஸ் பல்லைப் பிடுங்கினார். கண் விழித்த வெல்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

உற்சாகத்தில் 1845 ஜனவரியில் பாஸ்டனுக்கு ஓடினார். மருத்துவ மாணவர்கள் முன்னால் செய்முறை விளக்கம். வாயுப் பையைக் கொஞ்சம் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள் போல. குறடு பட்டதும் நோயாளி கத்திவிட்டான். 'ஏமாற்று!' என்று கூச்சல். தலைகுனிந்து ஊர் திரும்பினார் வெல்ஸ்.

1846 அக்டோபர் 16. அதே பாஸ்டன். இந்த முறை வாயு அல்ல, ஈதர். வலியில்லாமல் ஒரு கட்டியை அகற்ற வைத்துக் கைதட்டல் வாங்கியவர் வில்லியம் மார்ட்டன். வெல்ஸிடம் தொழில் கற்றவர், ஒரு காலத்துக் கூட்டாளி! 'கண்டுபிடித்தது யார்' என்ற சண்டை ஆரம்பித்தது. வெல்ஸ் குளோரோஃபார்மைத் தன்மேலேயே சோதித்துச் சோதித்து அதற்கு அடிமையாகிப் போனார். 1848 ஜனவரியில் நியூயார்க் வீதியில் பெண்கள் மீது அமிலம் வீசிக் கைதானார். புத்தி தெளிந்தபோது, தான் செய்ததை அவரால் தாங்க முடியவில்லை. சிறையிலேயே உயிரை விட்டார். வயது 33.

அவரை அங்கீகரித்த பாரிஸ் மருத்துவச் சங்கத்தின் செய்தி கப்பலேறி வந்து சேர்ந்தபோது, படிக்க அவர் இல்லை.