சிறுதேரும் அம்பாசிடரும்

பிள்ளைகள் வண்டி உருட்டி விளையாடுவது தமிழர்க்குப் புதிதன்று. முற்றத்தில் உலரும் உணவைக் கவர வந்த கோழியின்மீது பெண்கள் எறிந்த பொற்குழை, சிறுவர் உருட்டிய மூன்றுகால் சிறுதேரை வழிமறித்ததாகப் பட்டினப்பாலை கூறுகிறது. தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் விரும்பும்படி புனைந்த விளையாட்டுத் தேரைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியானது சிறுதேர்ப் பருவமே.

தென்திருவிதாங்கூரின் பனங்காடுகளில் அச்சிறுதேர் நுங்கு வண்டியாயிற்று. நுங்கெடுத்த காய்கள் இரண்டு சக்கரம். நடுவே செருகிய குச்சி அச்சு. தள்ளிச் செல்ல ஒரு கவைக்கோல். செலவில்லாத இவ்வண்டியைச் செய்த பிள்ளை, சக்கரத்தின் நடுவில் துளையிடாவிடில் வண்டி நேராக ஓடாது என்ற உண்மையைத் தானே கற்றுக்கொண்டது.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தியமைக்கப்பட்டன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. பாறசாலை முதல் கள்ளிக்காடு வரையுள்ள சிற்றூர்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், இருந்த இடத்தில் இருந்தபடியே வேற்று மாநிலத்தவர் ஆயினர். வீட்டில் ஒரு மொழி, வெளியில் வேறொரு மொழி என்னும் வாழ்வு எத்தகையது என்பதைப் பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் குடியேறிய நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

1958இல் கள்ளிக்காட்டில் நெய்யாற்றின் குறுக்கே அணை எழுந்தது. அதே காலத்தில், வங்காளத்தின் உத்தரபாராவிலிருந்து அம்பாசிடர் கார் வெளிவரத் தொடங்கியது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அதனை உருவாக்கியது. திருவனந்தபுரம்–நாகர்கோவில் இருப்புப்பாதை 1979இல் திறக்கப்படும் வரை, நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தாரின் தொலைப்பயணம் சாலையையே நம்பியிருந்தது. நாடெங்கும் அமைச்சர்க்கு வாகனமாகவும், வாடகைக் காராகவும் ஓடிய அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் நின்றுபோயிற்று. நம் பேரப்பிள்ளைகளுக்கு அது பழம்பொருள்.

பழம்பொருளைப் படத்தில் காட்டுவது ஒரு வழி. பிள்ளையின் கையாலேயே கட்டச் செய்வது மற்றொரு வழி. பின்னதற்கு ஏற்ற கருவி, ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகள். இவற்றின் வரலாறும் ஒரு தச்சரிடமிருந்தே தொடங்குகிறது. டென்மார்க்கின் பில்லுண்டு என்னும் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் மரப் பொம்மைகள் செய்யலானார். ‘நன்றாய் விளையாடு’ என்னும் பொருள்தரும் டேனிஷ் சொற்களைச் சுருக்கி, 1934இல் ‘லெகோ’ என்று தம் தொழிலுக்குப் பெயரிட்டார். இங்கிலாந்தின் ஹிலரி பேஜ் முன்னரே செய்திருந்த கட்டைகளைப் பின்பற்றி, 1949இல் அவர் நிறுவனமும் பிளாஸ்டிக் கட்டைகளை வெளியிட்டது. எனினும் அவை உறுதியாகப் பற்றி நிற்கவில்லை. கட்டையின் உட்புறத்தில் குழல்களை அமைத்து அக்குறையை நீக்கியவர் அவர் மகன் காட்ஃப்ரெட். 1958 ஜனவரி 28இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்யப்பட்டது. அன்று வார்த்த கட்டை இன்று வார்க்கும் கட்டையோடும் பொருந்துகிறது. 1962இல் சக்கரங்களும் சேர்ந்தன. எட்டுக் குமிழுள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறினை 91,51,03,765 வகைகளில் இணைக்கலாம் என்று கணித்துள்ளனர்.

பழைய கார்களுக்கென்றே இந்நிறுவனம் பெட்டிகள் வெளியிட்டதுண்டு. 2014இல் வந்த மினி கூப்பரில் 1,077 துண்டுகளும், 2020இல் வந்த ஃபியட் 500இல் 960 துண்டுகளும் இருந்தன. அவற்றிலுள்ள வழிகாட்டி நூலைப் பார்த்துக் கட்டலாம். அம்பாசிடரையோ நாமே அளந்து கட்டலாம்.

அம்பாசிடரின் நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர், அகலம் 1.66 மீட்டர், உயரம் 1.6 மீட்டர். இதனைப் பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் 24 சென்டிமீட்டர் அளவில் அமையும். கட்டையில் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடையே 8 மில்லிமீட்டர். ஆகவே நீளத்துக்கு 30 குமிழ், அகலத்துக்கு 12 குமிழ் போதும். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர் ஆதலின், ஒன்பது அடுக்கில் கூரை முடிந்துவிடும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 17 குமிழ் விடவேண்டும்.

இனித்தான் இடர்ப்பாடு. அம்பாசிடரோ உருண்டு திரண்ட வடிவினது, கட்டையோ சதுரம். ஒரு கட்டையின் உயரத்தில் மூன்றிலொரு பங்கான தகடுகளைப் படிப்படியாய் உள்வாங்கி அடுக்கியும், சரிவுத் துண்டுகளைச் சேர்த்தும் அவ்வளைவைக் கொண்டுவர வேண்டும். கூரை எங்கே தாழ்கிறது, சக்கரத்தின்மேல் தகரம் எவ்வளவு புடைக்கிறது என்று கூர்ந்து நோக்கினாலன்றி இது கைகூடாது. அந்த நோக்கு ஏடுகளில் இல்லை. அவ்வண்டியில் ஏறி ஊர்ந்த பெரியோரின் நினைவில் இருக்கிறது. ஆதலின், பிள்ளை தாத்தாவையும் பாட்டியையும் கேட்டே தீரவேண்டும்.

நாம் கருதும் பயனும் இதுவே. அயல்மாநிலத்தில் வளரும் பிள்ளைக்குத் தமிழைப் பாடமாக மட்டும் புகட்டினால் அது சுமையாகிவிடுகிறது. வேலையின் நடுவே வழங்கும் சொல் தானே மனத்தில் தங்கும். அச்சு, குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி என்னும் சொற்கள் நம் வண்டித் தச்சரிடம் புழங்கியவை. ‘அச்சைச் சற்றே பின்னுக்குத் தள்ளு, கடையாணி கழன்றுவிடும்’ என்று கட்டிடையே சொல்லப்படும் வார்த்தையைப் பிள்ளை மறவாது. எல்லைக்கு அப்பாலுள்ள கள்ளிக்காட்டுத் தமிழ் வீட்டுக்கும், பல நூறு மைல் தொலைவிலுள்ள நம் வீட்டுக்கும் இது ஒருங்கே பொருந்தும். கட்டைகள் எந்நாட்டினவாயினும் ஆகுக. அவற்றை அடுக்கும்போது வீட்டில் எழும் பேச்சு நம்முடையதாக இருக்கட்டும்.