திருவள்ளூர் வட்டாரமும் ஏகபோகத் தடைச் சட்டங்களும்

1955 ஜனவரியில் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாடு, சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்பதைத் திட்டமிடலின் நோக்கமாக ஏற்றது. செல்வம் சிலர் கையில் குவியக் கூடாது என்ற அரசியலமைப்பின் 39ஆம் பிரிவு நெறிக்கு இது இசைவானது. ஆவடி இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

உரிமமும் குவிப்பும்

இந்த நோக்கத்திற்கு அரசு நம்பிய கருவிகளுள் ஒன்று தொழில் உரிமம். ஆனால் பெரிய குழுமங்கள் உரிமங்களை முன்கூட்டியே பெற்றுவைத்து, பிறர் நுழைவதைத் தடுக்க முடிந்தது. 1960களில் ஆர். கே. ஹசாரியின் ஆய்வு பிர்லா குழுமத்தைச் சான்றாகக் காட்டி இதைச் சுட்டியது.

அக்காலத்தில் சென்னை மாநிலம் சிறுதொழில்களுக்கெனத் தொழிற்பேட்டைகளை அமைத்தது. தொழிலாளர் சட்ட வழக்கறிஞரான ஆர். வெங்கட்ராமன் 1957 முதல் 1967 வரை தொழில் அமைச்சராக இருந்தபோது கிண்டி, அம்பத்தூர் பேட்டைகள் உருவாயின.

இரண்டு சட்டங்கள்

நீதிபதி கே. சி. தாஸ்குப்தா தலைமையிலான ஏகபோக விசாரணை ஆணையம் 1965இல் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக 1969இல் ஏகபோக மற்றும் கட்டுப்பாட்டு வணிக முறைகள் சட்டம் இயற்றப்பட்டது. 20 கோடி ரூபாய்க்கு மேல் சொத்துள்ள குழுமங்கள் விரிவடைய அரசின் ஒப்புதல் தேவைப்பட்டது. 1991இல் இந்தச் சொத்து வரம்பு நீக்கப்பட்டது. எஸ். வி. எஸ். ராகவன் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2002இல் போட்டிச் சட்டம் வந்தது. நிறுவனம் பெரிதாக இருப்பது இச்சட்டப்படி குற்றமன்று. சந்தை வலிமையைத் தவறாகப் பயன்படுத்துவதே குற்றம்.

உதிரிபாக வழக்கு

பிர்லா குடும்பத்தின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், 1998 முதல் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் கார்களைத் தயாரித்தது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் விதித்த 14 கார் நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. மொத்த அபராதம் சுமார் 2,544 கோடி ரூபாய். உதிரிபாகங்களும் பழுதுபார்க்கும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தனர் என்பதே குற்றச்சாட்டு.

காரும் உதிரிபாகமும் ஒரே சந்தை என்று நிறுவனங்கள் வாதிட்டன. காரை வாங்கியவர் அதன் உதிரிபாகங்களுக்கு அதே நிறுவனத்தையே நாட வேண்டியிருப்பதால் அவை தனிச் சந்தை என்றது ஆணையம். வெளியே பழுதுபார்த்ததற்காக மட்டும் உத்தரவாதத்தை ரத்து செய்யக் கூடாது என்றும் உத்தரவிட்டது. சில நிறுவனங்களின் மேல்முறையீட்டில் 2016இல் அபராதம் குறைந்தாலும் குற்றத் தீர்ப்பு நிலைத்தது.

1969 சட்டம் குழுமத்தின் சொத்தை அளந்தது. 2002 சட்டம், தெருமுனை மெக்கானிக்குக் கார் உதிரிபாகம் கிடைக்கிறதா என்று கேட்கிறது.