தீட்டுக் கையும் சுத்தமான கணக்கும்

நான் படிப்பது எபிடெமியாலஜி. பொதுசுகாதார முதுநிலைப் படிப்பில் தாய்சேய் நலம் என் பிரிவு. தமிழில் நோய்ப்பரவலியல் என்று எழுதுகிறார்கள். காரைக்காலில் நெடுங்காடு பக்கம் எங்க சேரியில் என்னடி படிக்கிறே என்று கேட்டபோது இப்படித்தான் சொன்னேன்: "யாரு சாவுறா, எதனால சாவுறா, அடுத்த தெருக்காரி பொழைச்சிக்கிட்டப்ப இவ மட்டும் ஏன் செத்துப்போனாளுன்னு கேக்குற படிப்பு." கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா ஒண்ணு, "இதுக்கு எதுக்குடி படிப்பு, எங்களக் கேட்டா சொல்லமாட்டமா" என்றது. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை.

முதல் வருஷம் ஒரு வகுப்பு. இந்தியாவில் பிரசவம் பார்த்த வரலாறு பாடம். ஆசிரியர் திரையில் ஒரு பழைய படத்தைப் போட்டார். தரையில் குந்தியிருக்கும் ஒரு கிழவி, மடியில் குழந்தை. "தாழ்ந்த சமூகத்துப் பெண்கள். சுத்தம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள். இவர்கள் கைதான் லட்சக்கணக்கான தாய்மார்களைக் கொன்றது" என்றார். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். நானும் எடுத்தேன். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது, நான் எழுதி வைத்திருப்பது என் அப்பாயியைப் பற்றி.

அப்பாயி எங்க சேரிக்கு மருத்துவச்சி. ஊரில் பிள்ளைப்பேறு பார்க்க நாவிதர் வீட்டுப் பெண் உண்டு. சேரிக்கு அவர் வரமாட்டார். ஆனால் ஊரில் பிள்ளை குறுக்கே திரும்பிக்கொண்டது, நஞ்சு விழவில்லை என்றால் நடுராத்திரியில் லாந்தரோடு அப்பாயியைத் தேடி ஆள் வரும். வாசல் வழியாக விடமாட்டார்கள், கொல்லைப்புறம் வழியாகத்தான் போகணும். உள்ளே போனபிறகு தீட்டு கிடையாது. பிள்ளையை எடுக்கலாம், நஞ்சை எடுக்கலாம், இரத்தத் துணியை அலசலாம். விடிந்தால் அதே வீட்டுக் கிணற்றடியில் நிற்கக்கூடாது. கூலி நெல்லை முறத்தில் கொட்டி வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். அப்பாயி கையில் விழுந்த பிள்ளை எட்டு வயசானதும் "ஏ கிழவி, இங்க வாடி" என்று கூப்பிடும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அப்பாயியைத் தெய்வமாக்க எனக்கு மனசில்லை. அது கையில் நல்லபடியாகப் பிறந்த பிள்ளைகளில் சிலது ஏழாம் நாள், எட்டாம் நாள் பால் குடிக்க வாய் திறக்காமல் உடம்பு வில்லாக விறைத்துச் செத்திருக்கின்றன. எங்க அத்தை ஒருத்தி அப்படிப் போனதுதான். சன்னி, காத்துக் கருப்பு என்று எங்க தெருவில் சொன்னார்கள். பச்சைக் குழந்தைக்கு வரும் டெட்டனஸ் அது என்று பிறகு படித்தேன். கொடியை அறுத்த இரும்பில் இருந்திருக்கும், மேலே வைத்த சாம்பலில் இருந்திருக்கும். கர்ப்பிணிக்குத் தடுப்பூசி, அறுக்கப் புது பிளேடு. இது இரண்டும் இருந்தால் அந்தச் சாவைத் தடுத்துவிடலாம். இந்தியாவில் எல்லா மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே அது இறங்கிவிட்டதாக உறுதிசெய்ய 2015 ஆனது. அப்பாயி காலத்தில் அந்த ஊசி எங்க தெருவுக்கு வரவில்லை. வராதது யார் குற்றம் என்று வகுப்பில் கேள்வி எழவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், எங்க படிப்பின் ஆரம்பமே கை பற்றிய விசாரணைதான். ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரத்தில் பிரசவக் காய்ச்சலால் பெண்கள் செத்துக்கொண்டிருந்தபோது அலெக்சாண்டர் கார்டன் என்ற மருத்துவர், யாருக்குக் காய்ச்சல் வந்தது, யார் பிரசவம் பார்த்தது என்று பெயர் பெயராகப் பட்டியல் போட்டார். குறிப்பிட்ட சிலர் பார்த்த பெண்களுக்கே காய்ச்சல் வந்திருந்தது. அந்தச் சிலரில் தானும் ஒருவர் என்று 1795இல் வெளிவந்த தன் நூலில் அவரே ஒப்புக்கொண்டார். ஊர் அவரை விட்டுவைக்கவில்லை.

அடுத்தது வியன்னா. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பகுதிகள். ஒன்றில் டாக்டர்களும் டாக்டருக்குப் படிக்கிற மாணவர்களும், மற்றதில் மருத்துவச்சிகள். 1840களில் டாக்டர்கள் பகுதியில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுக்குச் செத்தார்கள். மருத்துவச்சிகள் பகுதியில் நாலுக்கும் குறைவு. ஏழைப் பெண்கள் டாக்டர் பகுதியில் சேர்க்காதீர்கள் என்று காலில் விழுந்தார்கள். இக்னாஸ் செம்மல்வைஸ் காரணத்தைக் கண்டுபிடித்தார். பிணத்தை அறுத்துப் பாடம் படித்த கையோடு டாக்டர்கள் பிரசவ அறைக்கு வந்தார்கள். 1847இல் குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவ வைத்தார். சாவு மளமளவென்று இறங்கியது. ஆனாலும் பெரிய டாக்டர்களில் பலர் அவரை ஏற்கவில்லை. கனவான்களின் கை அழுக்கு என்று எப்படி ஒப்புக்கொள்வது?

இந்தப் பாடத்தையும் அதே ஆசிரியர்தான் நடத்தினார், அதே வருஷத்தில். இரண்டு பாடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. தீட்டு என்பது பிறப்பைப் பார்த்து ஒட்டுவது. கிருமிக்குப் பிறப்பு தெரியாது, அது யார் கையிலும் ஏறும். இந்த வித்தியாசத்தை நிரூபித்துத்தான் நோய்ப்பரவலியல் பிறந்தது. இந்தியாவுக்கு வந்ததும் அது தீட்டோடு சமாதானம் செய்துகொண்டது.

1885இல் டஃபரின் சீமாட்டி நிதி வந்தது. 1903இல் தாய்களுக்கு, அதாவது நாட்டு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்க விக்டோரியா நினைவு நிதி வந்தது. 1927இல் காத்தரின் மேயோ எழுதிய 'மதர் இந்தியா' நாட்டு மருத்துவச்சியின் அழுக்கை உலகம் பூராவும் கொண்டுபோனது. இரத்தமும் நஞ்சும் தீட்டு என்று ஒதுக்கி, அந்த வேலையை ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தலையில் கட்டி, படிப்பும் தண்ணீரும் அவர்களுக்கு மறுத்தது யார்? அந்தச் சமூகமே பிறகு அந்தப் பெண்கள் அழுக்கு என்று குறிப்பு எழுதியது. 1946இல் போர் கமிட்டி பிரிட்டிஷ் இந்தியாவில் வருஷத்துக்கு 2 லட்சம் பெண்கள் பேறுகாலத்தில் சாவதாக மதிப்பிட்டது. அந்த 2 லட்சம் எந்தத் தெருவிலிருந்து போனது?

வேறு மாதிரிக் கேட்டவர்களும் இருந்தார்கள். 1928ஆம் வருஷத்தைப் பாருங்கள். அந்த ஜூலை 28ஆம் தேதி பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். பிள்ளை பெறும் முன்னும் பின்னும் பெண்ணுக்கு ஓய்வு வேண்டும், அது தேசத்தின் நலன், அந்தச் சுமையில் அரசுக்கும் பங்கு உண்டு என்பது அவர் வாதம். அடுத்த வருஷம் அது சட்டமானது. அதே 1928இல் அதே பம்பாய்க்கு லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் வந்தார். மில் தொழிலாளிப் பெண்கள் கர்ப்பத்தில் இரத்தம் வற்றிச் சாவதற்குக் காரணம் தேடினார். கிருமியைத் தேடிப் போனவர் சாப்பாட்டில் வந்து நின்றார். ஈஸ்ட் சத்து கொடுத்ததும் பெண்கள் தேறினார்கள். அதில் இருந்த சத்துதான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்றைக்குக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் அதுவும் இருக்கிறது. ஒருவர் சட்டத்திலும் ஒருவர் ஆய்விலும் ஒரே இடத்தைத்தான் தொட்டார்கள். தாயின் சாவு பிரசவ அறையில் தொடங்குவதில்லை. அவள் தட்டில் தொடங்குகிறது, அவள் செய்யும் வேலையில் தொடங்குகிறது.

ஆனால் பேறுகாலச் சட்டம் ஆலைக்கு வந்தது, வயலுக்கு வரவில்லை. 1961ஆம் வருஷத்து மத்தியச் சட்டமும் நடவுக்காரியைத் தொடவில்லை. எங்க பக்கம் நிறைமாசக்காரி சேற்றில் குனிந்து நடுவாள். மத்தியானம் வலி கண்டு கரையேறிச் சாயங்காலம் பெற்றவர்களை அப்பாயி வரிசையாகச் சொல்லும். பெண்களின் இரத்தசோகைக்கு மாத்திரை கொடுக்கும் தேசியத் திட்டம் 1970இல் தொடங்கியது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1968 டிசம்பர் 25 ராத்திரி, எங்களுக்குப் பக்கத்து வெண்மணியில் கூலியாகக் கூடக் கொஞ்சம் நெல் கேட்ட போராட்டத்துக்குப் பதிலாக 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நெல் கேட்டால் நெருப்பு, இரத்தம் இல்லையென்றால் மாத்திரை. கீழத் தஞ்சையின் தாய்சேய் நல வரலாற்றை எழுதுகிறவர் இந்த இரண்டு தேதியையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்.

காரைக்காலுக்கு இன்னொரு கதை உண்டு. 1739இலிருந்து பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண். 1954 நவம்பர் 1இல் கைமாறி, 1962இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக்காரன் பதிவேட்டில் பெரிய ஆள். எங்க வீட்டுத் தகரப்பெட்டியிலும் பிரெஞ்சில் எழுதிய ஒரு பிறப்புக் காகிதம் இருந்தது. பிறந்த நாள், நேரம், அப்பன் பேர், ஆத்தா பேர், சாட்சிகள் எல்லாம் உண்டு. எந்தக் கை கொடியை அறுத்தது என்பது மட்டும் இல்லை.

இப்போது 1969ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். பிறப்போ இறப்போ எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. காரைக்கால் நாலு பக்கமும் விரிந்த மாவட்டம் இல்லை. மூணு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். எங்க நிர்வாகத் தலைநகரம் 130 கிலோமீட்டருக்கும் அப்பால் புதுச்சேரியில். இங்கே பிறந்தவள் தரங்கம்பாடி பக்கம் வாழ்க்கைப்படுவாள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவாள், சிக்கலானால் எல்லை தாண்டிக் கொண்டுபோவார்கள்.

என் சித்தி மகள் அப்படி வந்தவள்தான். அட்டையில் இரத்த அளவு ஏழு என்று எழுதியிருந்தது. எழுதியவர்கள் உண்டு, பார்த்தவர்கள் இல்லை. பிரசவம் ஆன பிறகு இரத்தம் நிற்கவில்லை. "ரத்தம் போவுதுங்கம்மா" என்று சித்தி நாலு தடவை போய்ச் சொன்னது. "உங்க தெருவுலேர்ந்து வந்தாலே இப்படித்தான் கூச்சல்" என்று பதில் வந்தது. பிறகு அவசர அவசரமாக ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்று, அங்கிருந்து எல்லை தாண்டி மூன்றாவது. அங்கே செத்தாள். பதிவும் அங்கேதான். பிள்ளை பிறந்தது ஒரு மாநிலக் கணக்கு, அதைப் பெற்றவள் செத்தது வேறு மாநிலக் கணக்கு.

இதைச் சாதாரணமாக எண்ணவேண்டாம். பேறுகாலச் சாவு விகிதத்தை லட்சம் உயிர்ப் பிறப்புக்கு எத்தனை என்று சொல்வார்கள். மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி 2018-20இல் இந்தியாவுக்கு 97, தமிழ்நாட்டுக்கு 54. 2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்டத்தின் மொத்த மக்களே சுமார் 2 லட்சம்தான். இங்கே ஒரு வருஷத்தில் ஒரு சாவு கூடினாலோ குறைந்தாலோ விகிதம் தலைகீழாகிவிடும். ஆகவே எங்க மாதிரி இடத்துக்கு விகிதம் உதவாது. ஒவ்வொரு சாவையும் தனித்தனியாக வீட்டுக்குப் போய் விசாரித்தால்தான் உண்மை தெரியும். தமிழ்நாட்டில் 1990களிலேயே அப்படி விசாரிக்கும் முறையைத் தொடங்கினார்கள். சாவு குறைந்ததில் அதற்குப் பங்கு உண்டு.

என் ஆய்வுக்கு இதைத்தான் எடுத்தேன். எந்தத் தெரு, என்ன சாதி என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன் என்றேன். வழிகாட்டி கெட்டவர் இல்லை. "சாதி குழப்பும் காரணி, அதைச் சரிக்கட்டிவிடு" என்றார். அதாவது வருமானம், படிப்பு, இரத்த அளவு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுச் சமப்படுத்தினால் சாதிக்குத் தனியாக எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் கொஞ்சம்தான் மிஞ்சும். உடனே சாதிக்கும் சாவுக்கும் பெரிய தொடர்பில்லை என்று எழுதிவிடலாம். சித்தி மகள் ஏன் செத்தாள்? இரத்தம் இல்லை. ஏன் இல்லை? சோறு இல்லை, ஓய்வில்லை. ஏன்? நிலம் இல்லை. ஏன் நிலம் இல்லை? சாதி நடந்து வரும் பாதையே இதுதான். பாதை முழுவதையும் சரிக்கட்டித் துடைத்துவிட்டு, யாரும் வந்த அடையாளம் இல்லை என்று சொல்வது என்ன அறிவியல்?

கணக்கு இருக்கும் இடத்தில் உண்மை கத்துகிறது. 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வில் ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் பட்டியல் சாதியில் 66. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர் அல்லாத மற்றவர்களிடம் 49. குழந்தைகளுக்காவது இப்படி ஒரு கணக்கு உண்டு. தாய்மார்களுக்கு? மாதிரிப் பதிவுத் திட்டம் வெளியிடும் பேறுகாலச் சாவு அறிக்கையில் மாநிலம் இருக்கும், வயசு இருக்கும், சாதி இருக்காது. அமெரிக்காவில் பதிவேட்டில் இனம் எழுதப்படுகிறது. அதனால்தான் 2021இல் லட்சம் பிறப்புக்குக் கறுப்பினத் தாய்மார்கள் 69.9, வெள்ளையர் 26.6 என்று எல்லாருக்கும் தெரிகிறது. கறுப்பர் அதிகம் சாவது அவர்கள் இரத்தத்தின் குறை இல்லை, வாழவைத்த நிலைமையின் குறை என்று 1906லேயே டு போய்ஸ் புள்ளிவிவரத்தோடு எழுதினார். எண்ணப்பட்டதால்தான் அவர்களால் சண்டை போட முடிகிறது. நம்மை எண்ணாமல் விட்டிருப்பது மறதி என்று நான் நம்பவில்லை.

காரைக்காலில் இன்று அநேகமாக எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். நல்லதுதான். வீட்டுப் பிரசவத்துக்குத் திரும்பச் சொல்ல எனக்குப் பைத்தியமில்லை. கொல்லைப்புற வழி போய்விட்டது, ஆனால் தள்ளி நிற்கவைப்பது போகவில்லை என்றுதான் சொல்கிறேன். அது இப்போது வார்டில் இருக்கிறது, கணக்கிலும் இருக்கிறது.

சாதி கேள்வியை ஆய்விலிருந்து நான் எடுக்கவில்லை. வழிகாட்டியிடம் இரண்டு கணக்கையும் போடுகிறேன் என்றேன். சரிக்கட்டியது ஒன்று, சரிக்கட்டாதது ஒன்று. படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். போனவாரம் கேள்வித்தாளோடு அந்தப் பெரியம்மா வீட்டுக்குத்தான் முதலில் போனேன். "எங்களக் கேட்டா சொல்லமாட்டமான்னு கேட்டீங்கள்ல, அதான் கேக்க வந்திருக்கேன்" என்றேன். பெரியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தது.

"சொல்றேன், எழுதிக்க. செத்தவ பேர மட்டும் எழுதாத. தெருப் பேரையும் எழுது."