பல்லில் கடித்த நெல்

சுத்துக்கேணி என்றால் தொல்லியல் ஆர்வலர்களுக்கு கசால் தம்பதி தோண்டிய ஈமக்காடுதான் ஞாபகம் வரும் (1956ல் புத்தகமே போட்டார்கள்). எனக்கு ஞாபகம் வருவது களத்துமேடு.

நெல் வாங்க வருகிறவர் மூட்டைக்குள் கையை விட்டு நாலு மணியை எடுத்து, உமியை நீக்கி, பல்லில் வைத்துக் கடிப்பார். 'நறுக்'னு உடைந்தால் காய்ந்த நெல், மெத்துனு நசுங்கினால் ஈரம். விலை அந்தக் கடியில் இருக்கு. கேலி பண்ணாதீங்க மக்கா, காலேஜ் லேப்ல கம்பியை இழுத்தும் நசுக்கியும் பார்த்தோமே, இதுவும் அதே வலிமைச் சோதனைதான். மெஷின்தான் வேற :-)

ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அரிசி மெத்தென்று கிடக்கும், அரைவையில் நசுங்கும். 13, 14க்கு வந்தால் கெட்டி. அப்போ நல்லா காய வச்சா போதுமே? அங்கதான் வில்லங்கம்.

அரிசி வெயிலில்தான் வெடிக்குதுன்னு வெகுகாலம் நம்பினார்கள். 'வெயில் வெடிப்பு' என்றே ஆங்கிலத்தில் பேரும் வைத்தார்கள். 1930ல் ஜப்பானின் கொண்டோ, ஒகாமுரா இருவரும் கதையையே திருப்பிப் போட்டார்கள். காய்ந்த மணி மறுபடி ஈரம் குடிக்கும்போது குறுக்கே வெடிக்கிறது! 1965ல் அமெரிக்காவில் குன்ஸே, ஹால் இருவரும் காற்றின் ஈரப்பதத்தை மாற்றி மாற்றி, உமி நீக்கிய அரிசியில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். மேல்தோல் ஈரத்தில் உப்பும், உள்ளே இன்னும் காய்ஞ்சே இருக்கும். உப்புகிற தோல் நடுப்பகுதியை இரண்டு பக்கமும் இழுக்கும். அரிசி அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அவ்ளோதான், படக்!

அதாவது அறுப்பு தள்ளிப்போய் வயலிலேயே நல்லா காய்ந்துவிட்ட கதிர் மேல் ராத்திரி பனி இறங்கினால், அரிசி உமிக்குள்ளேயே உடைஞ்சாச்சு. மில்லுக்குப் போனதும் நொய்யாக் கொட்டும். திட்டு என்னவோ மில்காரருக்கு!

நம்ம ஆட்கள் இதுக்கு எப்பவோ வைத்தியம் கண்டுபிடிச்சுட்டாங்க. அதுதான் புழுங்கல். அவிக்கும்போது மாவுச்சத்து கூழாகி, பழைய வெடிப்பெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவித்த நெல்லை அவசரமாகக் காயவைத்தால் புது வெடிப்பு வரும். மைசூர் சிஎஃப்டிஆர்ஐயில் பட்டாச்சார்யாவும் இந்துதர சுவாமியும் 1967ல் இதற்கு வழி சொன்னார்கள். ஈரம் சுமார் 16 சதவீதத்துக்கு வரும்வரை எவ்வளவு வேகமாகக் காயவைத்தாலும் பெரிய சேதமில்லை. அங்கே நிறுத்தி, குவித்து வைத்து ஆறவிட்டு, அப்புறம் மிச்சத்தைக் காயவைக்கணும். களத்தில் சாயங்காலம் நெல்லை அம்பாரமாகக் குவித்துவிட்டு மறுநாள் பரப்புவதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

இப்போதைய சண்டை எல்லாம் ஒரே எண்ணைச் சுற்றித்தான். கொள்முதல் வரம்பு 17 சதவீதம். 2022 அக்டோபரில் மழையால் தமிழ்நாட்டுக்கு மட்டும் 19 வரை தளர்த்தினார்கள். விவசாயிகள் கேட்டது 22. எனக்கென்னவோ அந்த எண் மட்டும் போதாதுன்னு தோணுது. நிதானமாகக் காய்ந்து 14க்கு வந்த நெல்லும், ஒரேயடியாகக் காய்ந்து, பனி குடித்து 14க்கு ஏறிய நெல்லும் மீட்டருக்கு ஒண்ணுதான். வித்தியாசம் தெரியணும்னா பத்து மணியை உமி நீக்கி டார்ச் வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சுப் பாருங்க. குறுக்கே கோடு தெரியும்.